எக்ஸ்ரே அறை இங்கே இல்லை

அந்த மருத்துவமனையின் தரையில் நான் போட்ட கோடுகள் ஐந்து. சிவப்பு அவசரப் பிரிவுக்கு, நீலம் ரத்தப் பரிசோதனைக்கு, பச்சை மருந்தகத்துக்கு, ஊதா பிரசவ வார்டுக்கு. ஐந்தாவதான மஞ்சள் மட்டும் ஒரு ஜன்னலுக்குப் போகிறது. ஜன்னலுக்குப் போகட்டும் என்று நான் அதைப் போடவில்லை. எக்ஸ்ரே அறைக்கு என்று நினைத்துத்தான் போட்டேன்.

பெரிய கட்டிடங்களுக்குள் வருகிறவர்கள் வழி தெரியாமல் திண்டாடாதபடி பலகை, அம்புக்குறி, தரைக்கோடு எல்லாம் வடிவமைப்பது என் தொழில். முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு. என் கட்டிடத்தில் ஒருவர் இன்னொருவரை நிறுத்தி "எப்படிப் போகணும்?" என்று கேட்பதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. "உப்பு டப்பாவுக்குக்கூட அம்புக்குறி போட்டு வெச்சிருக்கா" என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அது பொய். பெயர்தான் எழுதியிருக்கிறேன். அம்புக்குறி போடவில்லை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த மஞ்சள் கோடு வாய்த்தது. மருத்துவமனை கட்டும்போது அதன் வரைபடம் ஏழு முறை மாறியது. ஆறாவது வரைபடத்தில் இரண்டாம் மாடி நடைவழியின் கோடியில் எக்ஸ்ரே அறை இருந்தது. ஏழாவதில் அதைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள். ஏழாவதைப் பார்த்து நான் பலகைகளையும் மற்ற நான்கு கோடுகளையும் திருத்தினேன், மஞ்சளை மறந்தேன். அதனால் எலும்பு வார்டின் வாசலில் "எக்ஸ்ரே" என்ற எழுத்தோடு தொடங்கும் அந்தக் கோடு, நாற்பத்தெட்டு மீட்டர் கம்பீரமாக ஓடி, ஒரு சுவரில் போய் முட்டி நிற்கிறது. சுவரில் ஒரு ஜன்னல். அவ்வளவுதான்.

திறப்பு விழா முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. விருதுக்கு அனுப்பப் படம் எடுக்கப் போயிருந்தோம். சுவரைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. படம் எடுக்க வந்தவரிடம் "இந்தப் பக்கம் வெளிச்சம் சரியில்ல" என்று சொல்லித் திருப்பி அழைத்து வந்துவிட்டேன். அந்த வருடம் எனக்கு விருது கிடைத்தது. நடுவர் குழு எழுதிய வாசகத்தைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறேன்: "இவர் போட்ட கோடுகளில் ஒன்றுகூட வீண் இல்லை." ஆறு வருடமாக அதைப் பார்க்கும்போதெல்லாம் என் முகம் தானாக வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இப்போது மருத்துவமனையில் புதிய கட்டிடம் ஒன்று திறக்கிறார்கள். அதையொட்டி ஒரு கூட்டம். வடிவமைப்பிலும் கலையிலும் இருப்பவர்கள் நான்கு பேர் நம்பிக்கையைப் பற்றி ஆளுக்கு எட்டு நிமிடம் பேச வேண்டும். ஒரு கட்டிடக் கலைஞர், ஒரு நடனக்காரர், ஒரு கேலிச்சித்திரக்காரர், நான். அழைப்பிதழைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. நம்பிக்கையைப் பற்றிப் பேச நான் யார்? கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டால் பளிச்சென்று சொல்வேன்.

அதற்கு மறுநாள் மருத்துவமனையின் புதிய நிர்வாகி தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், ரெண்டாம் மாடியில ஒரு மஞ்சள் கோடு இருக்கு. எக்ஸ்ரேன்னு போட்டிருக்கு, ஆனா எங்கயும் போகல. வாரத்துக்கு நாலு பேராவது என்கிட்ட வந்து கத்துறாங்க. யாரு போட்டதுன்னு தெரியல."

"எனக்குத் தெரியும். கூட்டத்தன்னிக்குக் காலையில நானே வந்து எடுத்துடறேன் சார்," என்றேன்.

கூட்டம் முடிந்ததும் வந்தவர்களுக்குக் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. விருதுக் குழுவில் இருந்த இருவரும் வருகிறார்கள். அவர்கள் கண்ணில் படுவதற்குள் அந்தக் கோடு போயிருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆறு வருடம் மறைத்திருக்கிறேன், இன்னும் அரை நாள் மறைக்க முடியாதா?

காலை ஆறரை மணிக்கு ஸ்டிக்கர்காரரோடு போய் இறங்கினேன். இருபது வருடமாக என் கோடுகளையெல்லாம் தரையில் ஒட்டுபவர் அவர்தான். என்னைவிட நான்கு வயது மூத்தவர். சாதாரணமாக என்னைத் தங்கச்சி என்பார், கோபம் வந்தால் மட்டும் மேடம்.

"எடுக்குறோம் சரி. எதுக்கு எடுக்குறோம்?" என்றார்.

"பழசாயிடுச்சு அண்ணா."

"சிவப்பு இதைவிடப் பழசாயிருக்கே, மேடம்," என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்தார்.

ஜன்னல் பக்கத்திலிருந்து தொடங்கினோம். அங்கே ஆள் நடமாட்டமே கிடையாது. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. யாரோ கையால் எழுதியது: "எக்ஸ்ரே அறை இங்கே இல்லை. திரும்பிச் செல்லவும்." என் கட்டிடத்தில் கையெழுத்துத் தாள்! கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அதைவிட மோசம், "திரும்பிச் செல்லவும்" என்பதை யாரோ பென்சிலால் அடித்திருந்தார்கள்.

ஸ்டிக்கர்காரர் சூட்டுக் காற்று அடிக்கும் கருவியைக் கோட்டின் நுனியில் பிடித்தார். பசை இளகியதும் தகட்டை உள்ளே விட்டு நெம்பினார். மஞ்சள் பட்டை தோல் உரிவதுபோல உரிந்து வந்தது. நான் முழங்காலில் உட்கார்ந்து தரையில் மிச்சமிருந்த பசையை, பெயிண்ட் கரைக்கும் தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன். அப்போதுதான் சுவரைக் கவனித்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரின் கடைசி ஒரு முழத்துக்கு, பென்சில் கீறல்கள் மொய்த்துக் கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றாகக் குட்டிக் குட்டிக் கோடுகள், எண்கள்.

"சுவத்துலயும் கிறுக்கி வெச்சிருக்காங்க பாருங்கண்ணா. படிச்சவங்க வர்ற இடம்," என்றேன். கையில் துணி இருந்தது, தின்னர் இருந்தது, கோபமும் இருந்தது. நன்றாக அழுத்தித் துடைத்தேன். பென்சில் போயிற்று. அந்த ஒரு முழத்துக்குச் சுவர் வெளுத்து நின்றது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், திருப்தியாகத்தான் இருந்தது.

மூன்று மீட்டர் உரித்திருப்போம். நடைவழியின் மறுகோடியில் வார்டுக் கதவு திறந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். என் வயதுதான் இருக்கும். பின்னால் நீலச் சட்டையில் ஒரு பிசியோதெரபிஸ்ட், முப்பது வயது இளைஞர், அவள் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்தபடி. வாக்கர் ஒரு அடி முன்னால் போகும், இடது கால் வரும், வலது கால் இழுத்துக்கொண்டு வரும். மறுபடி வாக்கர். மஞ்சள் கோட்டின் மேலேயே வந்தார்கள். பாதி தூரம் வந்து திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்பது அந்தத் தம்பிக்கு அப்போதுதான் புரிந்தது போல.

"மேடம்! நிறுத்துங்க! எடுக்காதீங்க!"

கத்தினாரே தவிர, ஓடி வரவில்லை. வர முடியாது. பட்டையை விட்டால் அவள் விழுவாள். அங்கிருந்தே கெஞ்சுகிற முகத்தோடு, அவளுடைய வேகத்திலேயே, அடி அடியாக வந்தார். அப்படி ஒரு மெதுவான அவசரத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. நான் எழுந்து அவர்களை நோக்கி நடந்தேன்.

"எதுக்குத் தம்பி கத்துறீங்க?"

"கீழ பாருங்க மேடம். சுவத்துல."

குனிந்தேன். அதே ஒரு சாண் உயரத்தில், இங்கேயும் பென்சில் கோடுகள். இங்கே நெருக்கம் இல்லை, எண்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு சிறு கோடு, அதன் மேல் படுக்கை எண், நாள், தேதி. ஐந்தாம் படுக்கை, ஒன்பதாம் நாள். இருபத்தொன்றாம் படுக்கை, பதினான்காம் நாள். நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி ஒன்று, சென்ற வாரத்துத் தேதி ஒன்று.

"ஒவ்வொருத்தரும் அன்னிக்கு எதுவரைக்கும் நடந்தாங்களோ, அங்க ஒரு கோடு," என்றார். "மத்த கோட்டுல எல்லாம் ஸ்ட்ரெச்சர் ஓடும், ஆளுங்க ஓடுவாங்க. முத தடவை எழுந்து நிக்கிறவங்களை அங்க விட முடியாது. இந்தக் கோட்டுல மட்டும்தான் யாரும் வரமாட்டாங்க, ஏன்னா இது எங்கயும் போகல. கண்ணு கோட்டைப் பிடிச்சுக்கும், காலு பின்னால வரும். ஆறு வருஷமா இங்கதான் நடக்க வைக்கிறோம்."

நான் வார்டு வாசலைப் பார்த்தேன். கால் தானாக அங்கே போயிற்று. கதவிலிருந்து முதல் இரண்டு மீட்டருக்குச் சுவரில் இடமே இல்லை, புல் முளைத்ததுபோலக் கோடுகள். முதல் நாள், முதல் நாள், முதல் நாள். எத்தனை பேருடைய முதல் நாள்! பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டுப் போயின. ஏழாம் படுக்கையை விரலால் தொடர்ந்து பார்த்தேன். மூன்றாம் நாள் ஆறு மீட்டர். நான்காம் நாள் பத்து. ஐந்தாம் நாள் நான்கு மீட்டருக்குத் திரும்பி வந்திருந்தது. ஆறாம் நாள் கோடே இல்லை. ஏழாம் நாள் மறுபடி பத்து. அந்த ஆறாம் நாள் அவர் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாம் நாள் எது அவரை எழுப்பியது?

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முப்பது வருடமாக நான் கோடு போடுகிறேன். என் கோட்டின் மேல் மனிதர்கள் இப்படி நடந்து நான் பார்த்ததேயில்லை. கோயிலில் நிற்பது போல நின்றேன், செருப்பைக் கழற்றலாமா என்றுகூடத் தோன்றியது.

"பாதியில நின்னுபோனதும் இருக்கு மேடம்," என்று நான் திரும்பி வந்ததும் தம்பி மெதுவாகச் சொன்னார். "சிலர் வீட்டுக்குப் போயிட்டாங்க. சிலர்..." பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் தெரிஞ்சேதான் யாரோ ரொம்ப யோசிச்சு இந்தக் கோட்டைப் போட்டிருக்காங்கன்னு நாங்க பேசிக்குவோம். நீங்கதானா மேடம் அது?"

அவர் கண்ணில் அப்படி ஒரு மரியாதை. என் மூக்கில் தின்னர் வாடை அடித்தது. அப்போதுதான் ஜன்னல் பக்கத்து அந்த ஒரு முழம் நினைவுக்கு வந்தது.

"தம்பி, அந்தக் கடைசிச் சுவத்துல இருந்தது..."

"அது கடைசிவரைக்கும் வந்தவங்க. நூத்து நாலு பேர். ஜன்னலைத் தொட்டதும் அவங்களே குனிஞ்சோ, எங்களைக் குனிய வெச்சோ போட்ட கோடு."

"நான் துடைச்சிட்டேன்," என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேசியது வாக்கரைப் பிடித்திருந்தவள்தான். வார்டில் அவளுக்குத் தபாலக்கா என்று பெயர். இருபத்தேழு வருடம் தெருத் தெருவாகக் கடிதம் கொடுத்தவள். சைக்கிளில் போகும்போது ஒரு வண்டி மோதி இடுப்பும் தொடையும் உடைந்து, நாற்பது நாள் படுக்கையில் கிடந்து, இன்றைக்கு நடைப் பயிற்சியில் இருபத்திரண்டாம் நாள். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். போவதற்கு முன் அந்த ஜன்னலைத் தொட்டுவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பதாகத் தம்பி சொன்னார். ஒற்றைக் காலில் நிற்கத்தான் என்னால் முடியும் என்று அவளே அதைக் கேட்டுச் சிரித்தாளாம். நேற்று ஐந்து மீட்டர் மிச்சம்.

"நீங்க ரெண்டு பேரும் அப்புறமா அழுங்க," என்றாள் தபாலக்கா. "எனக்குக் கை வலிக்குது. நடக்கணும்."

நடந்தாள். தம்பியும் நானும் கூடவே போனோம். நேற்றைய கோட்டைத் தாண்டியபோது தம்பி "பதினாறாம் படுக்கை, தாண்டியாச்சு" என்று குரல் கொடுத்தார். அடுத்த இரண்டு மீட்டர். அங்கே மஞ்சள் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வெறும் தரை, நாங்கள் சுரண்டிய பசைத் தழும்பு, அதற்கப்பால் சுவர். அவள் நின்றாள். உடம்பு முழுவதும் நடுங்கியது.

"அக்கா, கோடு இதோட முடியுது. இதையே கடைசின்னு வெச்சுக்கலாம். போதும்," என்றார் தம்பி. அவள் களைத்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தபாலக்கா என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"கோடுதான தம்பி முடிஞ்சுது? ஜன்னல் அங்கதான இருக்கு?"

"அக்கா..."

"கதவு நம்பர் அழிஞ்சுபோன வீட்டுக்கெல்லாம் நான் கடுதாசி கொடுத்திருக்கேன். நம்பர் இல்லன்னு திருப்பிக் கொண்டாந்ததே இல்ல."

வாக்கரைத் தூக்கி வெறும் தரையில் வைத்தாள். இடது கால். வலது கால். கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அதனால் ஜன்னலையே பார்த்தாள். ஸ்டிக்கர்காரர் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். மூன்று மீட்டருக்கு ஆறு நிமிடம் ஆனது. நடுவில் ஒருமுறை முழங்கால் மடங்கியது, தம்பி பட்டையை இறுக்கிப் பிடித்தார், அவள் "விடு, விடு" என்று உறுமினாள்.

உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தாள். வெளியே பெரிதாக ஒன்றும் இல்லை. வண்டி நிறுத்துமிடம், ஒரு மரம், அதற்கப்பால் தெரு. அந்தத் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே போடுங்க மேடம்." நான் வெளுத்த சுவரின் முன் மண்டியிட்டேன். நேர்கோடு போட்டே பிழைத்த கை கோணலாக ஒரு கோடு போட்டது. பதினாறாம் படுக்கை, இருபத்திரண்டாம் நாள். துடைத்த சுவரில் அது ஒன்றுதான் இருந்தது.

"மத்தவங்க கோடு போயிடுச்சே," என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கோடுதான போச்சு," என்றாள் தபாலக்கா, கையைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே. "அவங்க நடந்துட்டுத்தான இருக்காங்க."

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். யோசித்துப் போட்ட கோடு இல்லை, பழைய வரைபடத்தைப் பார்த்துப் போட்ட தப்பு, அது தெரியாமல் இருக்கத்தான் இன்றைக்கு எடுக்க வந்தேன் என்று எல்லாவற்றையும். ஸ்டிக்கர்காரர், "ஆறு வருஷமா என்கிட்டகூடச் சொல்லலையே மேடம்," என்றார். தபாலக்காதான் சிரித்தாள்.

"தப்பு விலாசத்துல போன கடுதாசி சில சமயம் சரியான ஆளுகிட்டதான் போய்ச் சேரும். எங்க ஆபீஸ்ல அதை யாரும் வெளிய சொல்ல மாட்டோம்."

பதினொரு மணிக்குக் கூட்டம். நிர்வாகி என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். தம்பி அவரிடம் போய்ப் பேசியிருக்கிறார். கோட்டைக் காப்பாற்றத்தான் பேசினார், ஆனால் நான் செய்த தப்பை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

"மேடம், நீங்க பெரிய ஆளு மேடம்! நடக்குறவங்களுக்குன்னே ஒரு தனிக் கோடு. மேடையில நான் இதைச் சொல்லியே உங்களை அறிமுகப்படுத்தப்போறேன். அப்படின்னா கோட்டை எடுக்க வேண்டாம். ஒரு தப்புக் கோடா இருந்திருந்தா எடுத்துத்தான் ஆகணும்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கோடும் பிழைக்கும், என் பெயரும் பிழைக்கும். உண்மையைச் சொன்னால் என் பெயர் போவது நிச்சயம், கோடும் போகலாம். மேடையில் போய் உட்கார்ந்தேன்.

மற்ற மூவரும் பூவும் விடியலுமாகப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து முகத்தைக் கடுகடுப்பாக வைத்திருந்தேன். கட்டிடக் கலைஞர் முதலில் எழுந்தார். ஒரு மாடிதான் கட்டக் காசிருக்கும், ஆனாலும் மொட்டை மாடியில் தூண்களின் கம்பிகளை வெட்டாமல் நீட்டி விட்டிருப்பார்களே, அதைப் பற்றிப் பேசினார். கல்லூரியில் படிக்கும்போது அந்தத் துருப்பிடித்த கம்பிகளை அசிங்கம் என்று நினைத்தாராம். "இப்ப அதைப் பார்த்தா கும்பிடத் தோணுது. இன்னொரு மாடி வரும்னு மழையில நனைஞ்சுட்டு நிக்குது," என்றார். நடனக்காரர் பேசும்போதே ஒரு காலைத் தூக்கி அப்படியே நிறுத்தினார். "தூக்கின காலைக் கீழ வைக்கும்போது தரை இருக்கும்னு நான் சரிபார்க்கறதில்ல. அந்த அரை நொடியத்தான் நான் நாப்பது வருஷமா ஆடிட்டிருக்கேன்." கேலிச்சித்திரக்காரர், தான் ஜோக் வரையும்போது அறையில் யாரும் சிரிப்பதில்லை என்றார். "யாருன்னே தெரியாத ஒரு மூஞ்சி நாளைக்குக் காலையில சிரிக்கும்னு நம்பித்தான் மூக்கை இவ்வளவு பெருசா வரையிறேன்."

காலையில் கேட்டிருந்தால் எனக்கு இதெல்லாம் அலங்காரப் பேச்சாகத் தோன்றியிருக்கும். இப்போது ஒவ்வொன்றும் அந்த மூன்று மீட்டர் வெறும் தரையில் போய் நின்றது. முன் வரிசையின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் தபாலக்கா உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிர்வாகி சொன்னபடியே என்னை வானளாவப் புகழ்ந்து அழைத்தார். கைதட்டல் அடங்கும்வரை நின்றேன்.

"அந்தக் கோடு என் தப்பு," என்றேன்.

எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டேன். ஆறாவது வரைபடத்தையும் ஏழாவதையும் சொன்னேன். படம் எடுத்தவரைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். விருதுக் குழுவில் இருந்த இருவரைப் பார்த்து, "ஒன்றுகூட வீண் இல்லைன்னு எழுதினீங்க, ஒன்னு இருந்துச்சு, மறைச்சுட்டேன்" என்றேன். சிரித்தார்கள். நூற்று நான்கு பேரின் கோட்டைத் துடைத்ததைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பிறகு காலையில் பார்த்ததைச் சொன்னேன்.

"இத்தனை வருஷமா, வழி காட்டுறவ நான்னு நினைச்சுட்டிருந்தேன். நான் போட்ட கோடு முடிஞ்ச எடத்துக்கு அப்புறமும் ஒருத்தங்க நடந்தாங்க. நம்பிக்கைன்னா என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான், அது கோட்டுல இல்ல. அந்தக் கோட்டை எடுக்கச் சொன்னா எடுத்துடறேன். ஆனா எடுக்காதீங்க சார், கேட்டுக்கறேன்."

எட்டு நிமிடத்தில் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

கட்டிடத்தைச் சுற்றிப் பார்க்க அழைத்தபோது புதிய கட்டிடத்துக்கு யாரும் போகவில்லை. எல்லோரும் இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டார்கள். நாற்பது பேர், பேசியே பிழைப்பவர்கள், அந்த நடைவழியில் இடுப்பை வளைத்துக் குனிந்து பென்சில் கோடுகளைப் படித்துக்கொண்டு போனார்கள். ஒரு சத்தமில்லை. விருதுக் குழுவில் இருந்த பெரியவர் ஏழாம் படுக்கையின் ஆறாம் நாளைத் தேடிக்கொண்டிருந்தார். "இல்லியே," என்றார் என்னிடம். "இல்லை சார்," என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நடனக்காரர் வெறும் தரை தொடங்கும் இடத்தில் வெகுநேரம் நின்றார்.

நிர்வாகி என் பக்கத்தில் வந்து தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாம் சரி மேடம். ஆனா எக்ஸ்ரேக்கு வந்துட்டு என்கிட்ட கத்துறவங்களுக்கு என்ன பதில்?"

இதற்குத்தானே என்னிடம் தொழில் இருக்கிறது! வார்டு வாசலுக்குப் போய்த் தரையிலிருந்த "எக்ஸ்ரே" என்ற எழுத்தை ஸ்டிக்கர்காரரை உரிக்கச் சொன்னேன். பிறகு உரித்த மூன்று மீட்டருக்குப் புதுப் பட்டை ஒட்டச் சொன்னேன். எல்லோரும் தபாலக்கா இல்லை, கண்ணுக்குக் கோடு வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டார். கையிலிருந்த புது மஞ்சள், நடந்து நடந்து மங்கிய பழைய மஞ்சளோடு சேரவில்லை. கோடியில் மட்டும் பளீரென்று தெரிந்தது.

"கலர் சேரலையே, தங்கச்சி," என்றார் ஸ்டிக்கர்காரர், கண்ணில் குறும்போடு.

"பரவாயில்லண்ணா."

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு. இருபது வருஷத்துல இந்த வார்த்தையை உன் வாயில கேட்டதே இல்ல."

"பரவாயில்லன்னேன். ஒட்டுங்க."

"கோடு போடச் சொன்னா இவங்க ரோடே போட்டுட்டாங்க," என்று சுவரைக் காட்டிச் சொல்லிவிட்டு, "எக்ஸ்ரேன்னு இருந்த எடத்துல என்ன பேர் போடணும்?" என்று கேட்டார்.

பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோடு எங்கே போகிறதோ, அதுதான் பெயர். முதல் தடவையாக அந்தக் கோட்டைப் பற்றி உண்மையை எழுதினேன்: ஜன்னல், 48 மீட்டர்.

மூன்று வாரம் கழித்துத் தம்பி தொலைபேசியில் அழைத்தார். வர முடியுமா என்றார், காரணம் சொல்லவில்லை. போனேன். எலும்பு வார்டு வாசலில் ஒரு தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். பொதுவாகக் கடிதங்களை வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்களாம். இதை மட்டும் கையில் கொடுக்கிறேன் என்று அடம்பிடித்து மாடி ஏறி வந்திருக்கிறார்.

ஒரு தபால் அட்டை. விலாசத்தில் ஆள் பெயர் இல்லை. "ஜன்னலுக்கு வந்து சேருபவருக்கு, மஞ்சள் கோட்டின் முடிவு, இரண்டாம் மாடி" என்று மட்டும் இருந்தது, அதன் கீழே மருத்துவமனையின் பெயர்.

அப்போதுதான் மூன்றாம் படுக்கைக்காரர் ஜன்னலுக்கு வந்து சேர்ந்திருந்தார். மரமேறும்போது விழுந்தவர், இருபத்தாறு நாள். ஒரு கையால் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அட்டையை வாங்கினார். எழுத்தைப் படிக்கக் கண் கலங்கியதால் என்னிடம் கொடுத்தார். நான் உரக்கப் படித்தேன்.

"வந்துட்டீங்களா? நல்லது. நான் இன்னைக்குத் தெருமுனை வரைக்கும் போனேன். வழியில கோடு இல்ல."

கீழே ஒரு சின்னப் பென்சில் கோடு போட்டு, அதன் மேல் எழுதியிருந்தாள்: பதினாறாம் படுக்கை, நாற்பத்து மூன்றாம் நாள்.